பதினேழு நாள் குறைந்த கார்: டுசெல்டோர்ஃபிலிருந்து ஹரோவுக்கு

2024 ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு இரவு தங்கச்சி போன் எடுத்தாள். ஆறு வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு லண்டனுக்குத் திரும்பப் போகிறார்கள். ஆகஸ்ட் 22 வியாழக்கிழமை வீடு காலி செய்வதாக வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, சாமான் ஏற்ற வான் பேசியாயிற்று, ஹரோவில் வாடகை வீடும் சரி. கடைசியில், போனை வைக்கப் போகிற நேரம், “அண்ணா, காரை நாங்களே ஓட்டிக்கொண்டு வாறம்” என்றாள்.

“எப்ப வாங்கின கார்?”

“மார்ச்சில. ஏன்?”

இந்த நிகழ்வு முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் தொங்கியது. அன்றைக்கு எனக்கும் அது முழுக்கத் தெரியாது. லண்டனில் வீட்டுக் கடதாசி வேலையெல்லாம் என் தலையில் விழுவது வழக்கம் என்பதால், ஒரு சந்தேகத்தில் கேட்டேன், அவ்வளவுதான்.

2018இல் அவர்கள் போனபோது இங்கிருந்த பழைய டொயோட்டாவில் டோவர் போய், கப்பலேறி, இறங்கி, நேரே டுசெல்டோர்ஃப் போய்ச் சேர்ந்தார்கள். எல்லையில் காரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிரித்தானியா அப்போது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தது. 2020 ஜனவரி 31 விலகல், அந்த வருடக் கடைசியோடு இடைக்காலமும் முடிந்தது. 2021 முதல் டுசெல்டோர்ஃபிலிருந்து வரும் காரும் டோக்கியோவிலிருந்து வரும் காரும் பிரித்தானியச் சுங்கத்துக்கு இறக்குமதிதான். மச்சான் செய்தி பார்க்கிற ஆள், பிரெக்ஸிட் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவார். ஆனாலும் தன் கார் “இறக்குமதிப் பொருள்” என்று அவருக்குத் தோன்றவில்லை. கட்டில், மேசை, குக்கர் மாதிரி அதுவும் வீட்டுச் சாமான்தானே என்பது அவர் கணக்கு.

கணக்கு பாதி சரி. வெளிநாட்டில் குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வாழ்ந்துவிட்டு பிரித்தானியாவுக்குக் குடிவருகிறவர்களுக்கு வதிவிட மாற்றச் சலுகை என்று ஒன்று உண்டு. ரி.ஓ.ஆர்.1 என்ற விண்ணப்பத்தை வருவாய்த்துறைக்கு இணையத்தில் அனுப்பி அனுமதி எண் ஒன்று வாங்கினால், வீட்டுச் சாமானுக்கும் காருக்கும் சுங்கவரியும் இல்லை, வாட் எனப்படும் பெறுமதி சேர் வரியும் இல்லை. நிபந்தனை: அந்தப் பொருள் உங்களுடையதாக இருந்திருக்க வேண்டும், குடிபெயர்வதற்கு முன் குறைந்தது ஆறு மாதம் நீங்கள் அதை வைத்திருந்து பாவித்திருக்கவும் வேண்டும்.

கார் மச்சானின் பெயருக்குப் பதிவான நாள் 2024 மார்ச் 8. ஆறு மாதம் நிறைவது செப்டெம்பர் 8. வீடு காலி செய்யும் நாள் ஆகஸ்ட் 22. பதினேழு நாள் குறைகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் காரை வாங்கியதே லண்டனுக்கு வருவதற்காகத்தான். பழைய காரில் அவ்வளவு தூரம் ஓடி வந்து நடுவழியில் நிற்கக் கூடாது என்று, நல்லதாக ஒரு கோல்ஃப் வேரியன்ட் எடுத்தார்கள். 2021 ஜூன் மாதம் முதற்பதிவு, பெற்றோல், 16,500 யூரோ. பழையதையே வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

சலுகை இல்லாவிட்டால் என்ன செலவு என்று அன்றிரவே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். காரின் மதிப்பு ஏறக்குறைய 14,000 பவுண்ஸ். சுங்கவரி 10 வீதம், 1,400. வாட் 20 வீதம், அது காரின் விலைக்கு மட்டும் இல்லாமல் வரியையும் சேர்த்த தொகைக்கு: 15,400க்கு 3,080. ஆக 4,480 பவுண்ஸ், கொண்டுவருகிற செலவு தனி. ஐரோப்பாவில் செய்த கார் என்று முறையாக நிறுவினால் அந்த 10 வீதம் விழாது. ஆனால் பாவித்த காருக்கு அப்படியொரு கடதாசி தரச்சொல்லி மச்சான் கேட்டபோது, விற்ற கடைக்காரர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாராம். வாட் எப்படியும் வரும். ஜேர்மனியில் வாங்கும்போது வரி கட்டியாயிற்றே என்ற நியாயம் இங்கே எடுபடாது.

அடுத்த நாள் மூன்று பேரும் வீடியோவில் இருந்து பேசினோம். காரை அங்கேயே விற்பது ஒரு வழி. கடைக்காரர் 14,200 யூரோ தருவதாகச் சொன்னார், மூன்று மாதத்தில் 2,300 யூரோ நட்டம். வரியைக் கட்டிக் கொண்டுவருவது இன்னொரு வழி, அதை யாரும் தீவிரமாக எடுக்கவில்லை. மச்சானுக்கு வேறு யோசனை இருந்தது: தங்கச்சியும் பிள்ளைகளும் ஆகஸ்டில் வரட்டும், தான் மட்டும் செப்டெம்பர் நடுப்பகுதி வரை அங்கே இருந்து, பிறகு காரோடு வருவது.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவரின் வழமையான வதிவிடம் எது என்று பார்க்கும்போது வேலை ஒரு நாட்டிலும் குடும்பம் இன்னொரு நாட்டிலும் இருந்தால், குடும்பம் இருக்கும் பக்கம்தான் கனக்கும். மனைவி பிள்ளைகள் ஹரோவில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்க, “நான் இன்னும் ஜேர்மனியில்தான் குடியிருக்கிறேன்” என்று விண்ணப்பத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது, தேவையில்லாமல் ஒரு கேள்விக்கு வாசல் திறந்துவிடுவது போல. அப்போ மிஞ்சியது ஒன்றுதான். எல்லோரும் சேர்ந்து பிந்தி வருவது.

“ஒரு காருக்காகப் பிள்ளையின்ர பள்ளிக்கூடத்தைப் பிந்துறதா?” தங்கச்சிக்கு அன்றைக்கு வந்த கோபம் நியாயமானது. மூத்தவனுக்கு ஏழாம் வகுப்பு, செகண்டரியில் முதல் வருடம். முதல் வாரம் போகாவிட்டால் கூட்டாளிகள் பிடிக்க முடியாமல் போய்விடும் என்பது அவள் கவலை. மச்சான் வாயே திறக்கவில்லை. கடைசியில் அவளே சொன்னாள், அந்தக் காருக்கு ஜேர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் வாசலில் சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டியிருக்கிறோம், மூன்று மாதத்தில் விற்க மனமில்லை என்று. ஆக, முடிவை எடுத்தது 4,480 பவுண்ஸா எலுமிச்சம்பழமா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். வீட்டுக்காரரிடம் பேசி, மூன்று வார வாடகை கூடக் கொடுத்து, பயணத்தை செப்டெம்பர் 14 சனிக்கிழமைக்குத் தள்ளினார்கள்.

விண்ணப்பத்தை ஜூலை முதல் வாரம் அனுப்பினோம். வீட்டுச் சாமான் பட்டியலிலேயே காரையும் போட வேண்டும்: எந்தக் கம்பனி, எந்த மொடல், சாசி நம்பர், பதிவு இலக்கம், மதிப்பு. கூடவே கடவுச்சீட்டுப் பிரதி, ஜேர்மனியில் குடியிருந்ததற்கும் இங்கே குடிவரப்போவதற்கும் அத்தாட்சி, கார் வாங்கிய ஒப்பந்தம். முதலில் மச்சான் எழுதிய பட்டியலில் இடியப்ப உரல் இருந்தது, கார் இல்லை. அதைத் திருத்தித்தான் அனுப்பினேன். ஐந்து வாரத்தில் அனுமதி எண் வந்தது. அந்தக் கடிதத்தில் ஒரு வரி பலர் கவனிக்காதது: வந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குக் காரை விற்கவோ, வாடகைக்கு விடவோ, இரவல் கொடுக்கவோ கூடாது. கொடுத்தால், விட்டுக்கொடுத்த வரியை நாமே கட்ட வேண்டி வரும்.

ஜேர்மன் பக்கத்து வேலை எனக்குப் புதிது. அங்கே காருக்குப் பதிவுப் பத்திரம் இரண்டு பாகம். அதன் பெயரை ஜேர்மன் மொழியில் சொல்லி முடிக்க ஒரு மூச்சு போதாது, நாங்கள் தைல் (பாகம்) ஒன்று, தைல் இரண்டு என்றே பேசிக்கொண்டோம். ஒன்று காரோடு கொண்டு திரிவது, இரண்டாவது வீட்டில் பத்திரமாக இருப்பது, உரிமையைக் காட்டுவது. காரை நாட்டைவிட்டுக் கொண்டுபோகிறவர் பதிவு அலுவலகத்தில் ஏற்றுமதி இலக்கத்தகடு எடுக்கலாம். வலது ஓரத்தில் சிவப்புப் பட்டை, அதில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். குறுகியகாலக் காப்புறுதியும் அதோடு எடுக்க வேண்டும். சாதாரணத் தகட்டோடு ஓடிவந்து, பத்திரத்தைப் பிரித்தானியப் பதிவுக்கு அனுப்பிவிட்டால், பிறகு ஜேர்மனியில் பதிவை நீக்க அதே பத்திரம் வேண்டும். அந்தச் சில்லெடுப்பு வேண்டாம் என்றுதான் முப்பது நாள் ஏற்றுமதித் தகடு எடுக்கச் சொன்னேன்.

செப்டெம்பர் 14 விடிய நான்கு மணிக்கு வெளிக்கிட்டு, ஆண்ட்வெர்ப், கெண்ட், டன்கேர்க் வழியாகக் கலே வரை ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அங்கிருந்து சுரங்க ரயிலில் 35 நிமிடம். சுங்க அறிவிப்பை ஒரு முகவரைக் கொண்டு முன்கூட்டியே செய்து வைத்திருந்தோம், அனுமதிக் கடிதம் டாஷ்போர்டில். லண்டன் முழுவதும் 2023 ஆகஸ்ட் 29 முதல் மாசுக் கட்டண வலயம், தரத்துக்குக் குறைந்த காருக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்ஸ். இந்தக் கார் தரத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் வெளிநாட்டுத் தகட்டை கமெராவுக்குத் தெரியாது, நாமே முன்கூட்டிப் பதிந்து வைக்க வேண்டும். அதையும் செய்திருந்தேன். மத்தியானம் கார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவர்கள் வாடகை வீட்டுக்கு முன்னால் ரோட்டில்தான் நிறுத்த இடம், ஆகவே எங்கள் வளவுக்குள் விட்டோம்.

அங்கேயே 76 நாள் நின்றது.

நம் ஆட்களிடம் ஒரு பேச்சு உண்டு: வெளிநாட்டுக் காரை ஆறு மாதம் ஓடலாம், அதற்குப் பிறகுதான் பதிவு. ஜேர்மன், பிரெஞ்சுத் தகட்டோடு வருடக்கணக்கில் ஓடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அந்த ஆறு மாதம் விருந்தினருக்கு. பிரித்தானியாவில் குடியிருக்க வந்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது, அவர் உடனே பதிந்து வரி கட்ட வேண்டும். பதிவு முடியும் வரை ரோட்டில் இறக்கக் கூடாது. முன்கூட்டி நேரம் எடுத்த எம்.ஓ.ரி. பரிசோதனைக்கோ (கார் ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று பார்ப்பது), வாகன அனுமதிப் பரிசோதனைக்கோ போய்வர மட்டும் இடமுண்டு, அதற்கும் காப்புறுதி வேண்டும். இலக்கம் இல்லாத காருக்கு சாசி நம்பரை வைத்துக் காப்புறுதி கொடுக்கிற கம்பனியைத் தேட எனக்கு ஒரு கிழமை போனது. ஜேர்மனியில் ஆறு வருடம் விபத்தில்லாமல் ஓடியதற்குக் கடிதம் எடுத்து, மொழிபெயர்த்துக் கொடுத்தோம். இடதுபக்க ஸ்டியரிங் என்பதால் அதே காருக்கு மற்றவர் கட்டுவதைவிட 310 பவுண்ஸ் கூட.

இதெல்லாம் அப்பாவுக்கு விளங்காது. “நல்ல கார் வாசல்ல நிக்குது, வெள்ளிக்கிழமை ஈலிங் அம்மன் கோயிலுக்கு நான் பஸ்ஸிலயோ போறது?” திறப்பை நான் ஒளித்துத்தான் வைத்தேன்.

கார் வந்து மூன்றாம் நாள், செப்டெம்பர் 17, வருவாய்த்துறைக்கு வாகன வருகை அறிவித்தல். நோவா என்பார்கள். 14 நாளுக்குள் செய்ய வேண்டும். ரி.ஓ.ஆர். கிடைத்தவர்களும் செய்ய வேண்டும், இதில்தான் கனபேர் தவறவிடுகிறார்கள்: சலுகை வந்துவிட்டதே, இனி வருவாய்த்துறைக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று நினைப்பு. நோவா முடியாமல், வாகனம் பதிகிற அரச அலுவலகமான டி.வி.எல்.ஏ. காரைப் பதியாது.

அப்புறம் கராஜ் வேலை. பத்து வயது தாண்டிய காராக இருந்தால் இந்த அத்தியாயமே இல்லை, கார் இந்த நாட்டுத் தரத்துக்கு ஏற்றது என்று காட்டும் வாகன அனுமதிச் சான்றிதழைப் பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். மூன்று வயதுக் காருக்குக் கேட்பார்கள். உற்பத்தியாளர் தரும் ஐரோப்பிய இணக்கச் சான்றிதழ் ஒரு பக்கம், காரை இந்த நாட்டு ரோட்டுக்கு மாற்றியதற்கு அத்தாட்சி மறு பக்கம். மாற்ற வேண்டியவை மூன்று. வேகமானி மைலில் காட்ட வேண்டும்: இது டிஜிற்றல் திரை, மெனுவுக்குள் போய் ஒரு தட்டு, முடிந்தது. பழைய முள்ளு மீற்றராக இருந்தால் அதுவே ஒரு செலவு.

முன் விளக்குதான் பெரிய தொல்லை. ஐரோப்பியக் காரில் தாழ்ந்த ஒளி வலப்பக்க ஓரத்தை நோக்கி மேலே எழும். இங்கே அந்தப் பக்கம்தான் எதிரே வருகிறவர் கண். கராஜ்காரர், வெம்ப்ளியில் முப்பது வருடம் தொழில் செய்கிற ஒரு குஜராத்தி ஐயா, காரைச் சுவரைப் பார்த்து நிறுத்தி லைட்டைப் போட்டார். வெள்ளைச் சுவரில் ஒளியின் மேல்விளிம்பு இடமிருந்து நேராக வந்து, நடுவில் முறிந்து, வலப்பக்கம் படி ஏறினது போல உயர்ந்தது. “இந்தப் படி அந்தப் பக்கம் போக வேண்டும்” என்று விரலால் காட்டினார். சுற்றுலா வருகிறவர்கள் ஒட்டும் ஸ்டிக்கர் அவருக்குப் பிடிக்காது, நிரந்தரமாகக் குடிவருகிற காருக்கு அதை நம்பி எழுதித்தரமாட்டேன் என்றார். பிரித்தானியக் காரிலிருந்து கழற்றிய சோடி ஒன்று தேடிப்பிடித்து 640 பவுண்ஸ், கூலி 180.

பின்பக்கப் புகார் (பனிமூட்ட) விளக்கு இன்னும் வேடிக்கை. இந்தக் காரில் அது ஒன்றுதான், இடப்பக்கம். இங்கே நடுவிலோ வலப்பக்கமோ இருக்க வேண்டும். வலப்பக்கக் கூட்டில் அதே இடத்தில் ரிவர்ஸ் விளக்கு. இரண்டையும் இடம் மாற்றி, வயரையும் மாற்றி, 70 பவுண்ஸில் முடித்துக் கொடுத்தார். வேலை முடிய அவர் எழுதித் தந்த பற்றுச்சீட்டு மிக முக்கியம்: எதை எதை மாற்றினேன் என்று சாசி நம்பரோடு இருக்க வேண்டும். “வேலை முடிந்தது, 890” என்று மட்டும் எழுதிய துண்டால் பயனில்லை.

எம்.ஓ.ரி.யும் அதே மாதம். ஜேர்மனியில் ஜூனில்தான் பரிசோதனை முடித்து, பின்தகட்டில் புது ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். அது இங்கே செல்லாது. மூன்று வயது தாண்டிய கார், 54.85 கட்டிப் புதிதாக எடுக்க வேண்டும். ஓடிய தூரம் மட்டும் அறிக்கையில் கிலோமீற்றராகவே பதிவானது.

ஒக்டோபர் 9 வி55/5 படிவத்தை நிரப்பி, 55 பவுண்ஸ் பதிவுக் கட்டணம், வாகன வரி, சான்றிதழ்கள், ஜேர்மன் பதிவுப் பத்திரம் எல்லாம் ஒரு உறையில் போட்டு டி.வி.எல்.ஏ.க்கு அனுப்பினோம். மூன்று கிழமையில் உறை அப்படியே திரும்பி வந்தது. தவறு என்னுடையது. தைல் ஒன்றை மட்டும் அனுப்பியிருந்தேன். மற்றது உரிமைப் பத்திரம், தபாலில் தொலைந்தால் என்ன செய்வது என்று பயந்து லாச்சிக்குள் வைத்துவிட்டேன். வெளிநாட்டுப் பதிவு மூலப்பத்திரம் என்றால் இரண்டு பாகமும்தான். இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு ஒரு தாளுக்காக மூன்று கிழமை. தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டையும் வைத்துப் பதிவுத் தபாலில் திரும்ப அனுப்பி, நவம்பர் 29 வெள்ளிக்கிழமை இலக்கம் வந்தது. அன்று பின்னேரமே 30 பவுண்ஸுக்குத் தகடு அடித்து, சிவப்புப் பட்டைத் தகட்டைக் கழற்றினோம்.

செலவுக் கணக்கு இப்படி வந்தது. ஏற்றுமதித் தகடும் காப்புறுதியும் பவுண்ஸில் 160, முகவர் 95, கராஜ் 890, சான்றிதழ்கள் 225, எம்.ஓ.ரி., பதிவு, தகடு மூன்றும் ஏறக்குறைய 140. கிட்டத்தட்ட 1,510. முதல் வருடக் காப்புறுதியில் கூடியதைச் சேர்த்தால் 1,820. பிந்திய மூன்று வார வாடகையை மச்சான் இந்தக் கணக்கில் சேர்க்க விடவில்லை, கேட்டால் பேச்சை மாற்றுவார்.

அங்கே விற்றிருந்தால் நட்டம் 2,300 யூரோ, 1,955 பவுண்ஸ் அளவில். இங்கே அதே வயது, அதே ஓட்டம் உள்ள கோல்ஃப் 15,500க்குக் குறைய இல்லை. ஆக, கொண்டுவந்ததில் கொஞ்சம் லாபம் என்று மச்சான் சொல்வார். நான் ஒப்புக்கொள்வதில்லை. இடதுபக்க ஸ்டியரிங் காரை இந்த நாட்டில் விற்கப் போனால் தெரியும்: ஒரு வியாபாரி பார்த்துவிட்டு 11,000 என்றார், அதுவும் யோசித்துத்தான். என்னைக் கேட்டால் அங்கேயே விற்றுவிட்டு ரயிலில் வந்திருப்பேன். 76 நாள் அவர்கள் பஸ்ஸிலும் என் காரிலும் ஓடியதற்கு யாரும் விலை போடவில்லை. சலுகை மட்டும் கிடைக்காமல் போயிருந்தால், 1,820க்கு மேல் 4,480 என்றால், பேச்சுக்கே இடமில்லை.

வேறு இரண்டு குடும்பம் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தது. ஒன்று பாரிஸிலிருந்து, ஒன்று டென்மார்க்கிலிருந்து. இரண்டு பேரிடமும் முதலில் கேட்டது கார் வாங்கிய தேதிதான். பாரிஸ்காரர் குடிவந்து நாலு மாதத்துக்குப் பிறகு, காரையும் ஓடித்திரிந்துகொண்டே கேட்டார். டென்மார்க் குடும்பத்தின் கார் பன்னிரண்டு வயது. எனக்கு ஆறுதலாக இருந்தது.

2025 செப்டெம்பர் 14ஓடு விற்கக் கூடாத பன்னிரண்டு மாதமும் முடிந்தது. தங்கச்சி விற்கவில்லை. வாகனத் தரிப்பிடத்துக்குள் போகும்போது டிக்கெட் மெஷின் வலப்பக்கம் இருக்கும், ஓட்டுகிறவர் இடப்பக்கம். ஆரம்பத்தில் மச்சான் இறங்கி, காரைச் சுற்றிப் போய், பின்னால் நிற்கிறவர்கள் ஹோர்ன் அடிக்க அடிக்க டிக்கெட் எடுத்துக்கொண்டு வருவார். இப்போது முன்சீட்டில் மூத்தவன் இருக்கிறான். கண்ணாடியை இறக்கி, தோள் வரை வெளியே நீட்டி, எட்டி இழுத்து அப்பாவிடம் கொடுக்கிறான். அந்த இடத்தை தம்பிக்கு விட்டுக்கொடுக்க அவன் தயாராக இல்லை.